மேசையில் மிஞ்சியவர்கள்

என்ன தொழில் என்று உங்கள் பொலிஸ் ஸ்டேஷன் சார்ஜன் கேட்டார். எழுதுகிறேன் என்றேன். பத்திரிகைக்கா என்றார். இல்லை, பூதங்களைப் பற்றி என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு எனக்கு ஒரு பிளேன்டீ கொண்டுவரச் சொன்னார். நல்ல மனிதர். இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் தமிழ் பேசுவது எனக்கு வசதியாகப் போயிற்று, இதைச் சிங்களத்தில் விளக்க எனக்கு வாய் வராது. நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் லியனார்ட். அப்பா இந்தத் தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர். அவர் போன பிறகும் மேல் டிவிஷனில் அந்தப் பழைய குவாட்டர்ஸை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு விளையாட்டு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. கம்ப்யூட்டர் விளையாட்டு இல்லை. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வார்கள். குகை வாசலில் நிற்கிறாய், என்ன செய்வாய் என்று அவர் கேட்டால், நுழைகிறேன் என்றோ ஓடுகிறேன் என்றோ சொல்ல வேண்டும். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அந்தக் குகை எங்கே இருக்கிறது, உள்ளே இருக்கும் பூதத்துக்கு என்ன பசி, ஊர்க்காரர்கள் எதை மறைக்கிறார்கள் என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதிவைக்க ஒருவன் வேண்டும் அல்லவா? அது நான். எங்கோ பனி பெய்யும் ஊர்களில் யாரோ என் மலைகளில் ஏறுகிறார்கள். அவர்களில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

மழைக்காலத்தில் மேல் டிவிஷன் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஆட்கள் போவது மூடுபனிக்குள் சத்தமாக மட்டும் கேட்கும். பிறகு அதுவும் இல்லை. பூதத்தின் பேச்சை எழுதும்போது வாய்விட்டுப் பேசிப் பார்ப்பது என் வழக்கம். அந்த வீட்டில் கேட்கும் குரல் பெரும்பாலும் அதுதான். தனிமை போகப் போகப் பழகிவிடும் என்று அம்மாவின் செத்த வீட்டுக்கு வந்தவர்கள் சொன்னார்கள். எனக்குப் பழகவில்லை. வலித்தது, அவ்வளவுதான்.

எழுதியதை ஆட்களை வைத்து ஆடிப் பார்க்காமல் கம்பனிக்கு அனுப்ப முடியாது. அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை மேசை தொடங்கியது. பிறகு அதற்காகவே எழுதினேன் என்றாலும் தப்பில்லை. மூன்று பேர் வருவார்கள். மிலான் என் பெரியம்மா மகன். நிரோஷன் ஹட்டனில் போன் கடையில் வேலை செய்தான். பிரேமினி எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர், கீழே தொழிலாளர் லயத்தில் சித்தி வீட்டில் இருந்தாள். நிரோஷனின் வேடம் வேங்கையன் என்ற காவல்காரன். எந்த ஆபத்து வந்தாலும் நிரோஷன் ஒரே வார்த்தைதான் சொல்வான்: "பாத்துக்கலாம் விடுங்கண்ணே." பிரேமினி தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பு வரும் இடம் பார்த்து நான் ஆபத்துகளை வைக்கத் தொடங்கினேன்.

மிலான் முதலில் போனான். கொழும்பில் வேலை. வீடியோவில் வந்து ஆடுகிறேன் என்றான். இரண்டு ஞாயிறு வந்தான், அப்புறம் சிக்னல் இல்லை, அப்புறம் மன்னிப்புக்கூட இல்லை. நான் கோபப்படவில்லை. மூன்று பேர் இருந்தால் மேசை நிற்கும். இரண்டு பேர் இருந்தால் அது வெறும் பேச்சு, ஒருவன் என்றால் பைத்தியம்.

போன வைகாசியில் ஒரு ஞாயிறு காலை. மழை கொஞ்சம் விட்டிருந்தது. நிரோஷன் முதல் பஸ்ஸில் வந்து, தேயிலைக்குள் ஏறும் குறுக்குப் பாதையால் என் வீட்டுக்கு வந்தான். பிரேமினி அவனுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, நீ சொல்லு, நீ சொல்லு என்று தள்ளிக்கொண்டார்கள். கடைசியில் அவன்தான் சொன்னான்.

"அண்ணே, ருமேனியாவுக்கு விசா கெடைச்சிருச்சு. போறதுக்கு முன்ன ரெஜிஸ்டர் பண்ணிக்கிறோம். நீங்கதான் சாட்சிக் கையெழுத்து வைக்கணும்."

"அப்ப பிரேமினி?"

"நானும் பின்னாடியே போயிருவேண்ணே," என்றாள் அவள். "ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்றோம்."

நல்ல விஷயம் என்றேன். கொண்டாட வேண்டாமா, டீயோடு சாப்பிட இனிப்புப் பணிஸ் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு றோட்டுப் பக்கமாகக் கடைக்குப் போனேன். கடையில் இருந்தபோது மறுபடி மழை அடித்து ஊற்றியது. அது விடும்வரை காத்திருந்து திரும்பி வரும்போது என் கேட்டுக்குப் பக்கத்தில், குறுக்குப் பாதை தொடங்கும் இடத்தில், தோட்டத்துக்குக் காவல் பார்க்கும் வாச்சர் பழனியாண்டி நின்றுகொண்டிருந்தான். தழையோடு ஒரு கிளையை வெட்டிப் பாதையின் குறுக்கே போட்டிருந்தான். வெளியூர்க்காரருக்கு அது குப்பை. தோட்டத்தில் பிறந்த எவருக்கும், சின்னப் பிள்ளைக்குக்கூட, இந்த வழியில் போகாதே என்று அர்த்தம். போர்டு மாட்ட யாருக்கும் நேரமில்லாத மலையில் எங்களுக்கு அதுதான் போர்டு. கிளை இல்லாவிட்டால் வழி நல்ல வழி.

"ஐயா, யாரையும் குறுக்குல விட்றாதீங்க," என்றான். "மேல பாத்தா பாத மாதிரிதான் இருக்கு. அடியில மண்ணே இல்லீங்க, எல்லாம் ஆத்துக்குள்ள போயிருச்சு. கீழயும் ஒரு கெள போடணும்." சொல்லிவிட்டு றோட்டைச் சுற்றிக் கீழே போனான்.

என் தொழிலில் ஆரம்பக்காரர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. ஆடுகிறவர்களை ஒரு வழியில் அனுப்ப வேண்டுமென்றால் அந்த வழியைப் புகழ்ந்து எழுதுவார்கள். அது சரிவராது. தள்ளுகிறார்கள் என்று தெரிந்தால் மனிதர்கள் காலை ஊன்றிக்கொள்வார்கள். எதையும் சேர்க்கக் கூடாது. எதையாவது எடுத்துவிட வேண்டும். மிச்சத்தை அவர்களே முடிவு செய்வார்கள், பிறகு அது அவர்கள் முடிவு.

வீட்டுக்குள் இருவரும் சிரிப்பது எனக்குக் கேட்டது. நான் இல்லாமலே சிரித்தார்கள். கிளை பாரமாக இல்லை. பணிஸ் பையைக் கீழே வைக்காமலே மற்றக் கையால் தூக்கித் தேயிலைக்குள் போட முடிந்தது.

பிறகு ஆடினோம். நான் அதுவரை நடத்திய ஆட்டங்களில் அதுதான் சிறந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கடைசி பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று நிரோஷன் இரண்டு தடவை சொன்னான். பூதத்தைக் கொஞ்சம் மெதுவாகச் சாகவிட்டேன். வேங்கையன் குகைக்குள்ளே இருக்கும்போது எந்த ஆட்டக்காரனாவது எழுந்து போவானா? கீழ் வளைவில் பஸ் ஹாரன் கேட்டதும்தான் அவன் துள்ளி எழுந்தான்.

"குறுக்குல ஓடுனா புடிச்சிரலாம்."

"மழ பேஞ்சிருக்கு, பாத்துப் போங்க," என்றாள் பிரேமினி. அவள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

"காலையில அதுலதான வந்தேன். பாத்துக்கலாம் விடு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. இதைக் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள், ஒரு வார்த்தைகூட நான் பொய் சொல்லவில்லை. மறுநாள் கொழுந்து எடுக்கப் போனவர்கள் அவனை ஆற்றுக் கல்லுக்கிடையில் கண்டார்கள்.

விசாரணையில் பழி பழனியாண்டி தலையில் விழுந்தது. மேலே கிளை போடவில்லை, சோம்பேறித்தனம் என்று வாச்சர் வேலையைப் பறித்தார்கள். லயத்தில் அவனோடு பேசுவதை நிறுத்தினார்கள். அவன் மனைவி ராசம்மாவுக்குப் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க யாரும் இடம் விடுவதில்லை. ஒரு நாள் அவன் என் கேட்டுக்கு வந்து நின்றான்.

"சாமி சத்தியமா போட்டேங்க. நீங்கதான் பாத்தீங்களே. ஒரு வார்த்த சொல்லுங்கய்யா."

எனக்கு ஞாபகம் இல்லையே பழனியாண்டி என்றேன். அவன் என்னைத் திட்டவில்லை. சந்தேகம்கூடப் படவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனான். தான் போட்டோமா இல்லையா என்று அன்றைக்கு அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவனுக்காகத்தான் இன்று இங்கே வந்திருக்கிறேன். ஒரு அப்பாவி கஷ்டப்படுவதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

பிரேமினி பல வாரம் வரவில்லை. நான் அவசரப்படுத்தவில்லை. ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் பார்த்தபோது மட்டும் சொன்னேன், வேங்கையன் இன்னும் குகைக்குள்ளேதான் இருக்கிறான், அவனை அப்படியே விட்டுவிடவா என்று. அடுத்த ஞாயிறு வந்தாள். நாங்கள் இருவர்தான். வேங்கையனை நான் பேசினேன். நிரோஷன் வார்த்தைகளை இழுக்கும் விதம், சொல்லி முடிக்குமுன் சிரித்துவிடுவது, எல்லாம் எனக்குப் பாடம். "பாத்துக்கலாம் விடு" என்று முதல் தடவை சொன்னதும் அவள் மேசையில் தலையை வைத்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ சொல்லுங்க," என்றாள். அதன்பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த மாதங்கள் அவை. அவளுக்காக நிரோஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி எழுதினேன். அவன் பொறுமைசாலி ஆனான். புத்தகம் படிக்கத் தொடங்கினான். இந்த மலையை விட்டு எங்கேயும் போக வேண்டாம் என்று நினைக்கிறவன் ஆனான்.

நேற்று அதைத்தான் வேங்கையன் சொன்னான். நாம் இங்கேயே இருந்துவிடலாம் என்று. பிரேமினி பகடையைக் கீழே வைத்தாள்.

"போதும்ணே. அவரு அப்படிப் பேசவே மாட்டாரு. இது நீங்க."

பிறகு, கனடாவில் அக்கா கூப்பிட்டிருக்கிறாள், விசா வந்துவிட்டது, அடுத்த வெள்ளிக்கிழமை பயணம் என்றாள். சொல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தாளாம். என் கையைப் பிடித்து, நீங்கள் இல்லாவிட்டால் இந்த வருடத்தைத் தாண்டியிருக்க மாட்டேன் என்றாள். கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு றோட்டால் நடந்து போனாள்.

ஆகவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கிளையை எடுத்தவன் நான். அவன் சாவான் என்று தெரிந்தே எடுத்தேன், தெரிந்தே பஸ்ஸைத் தவறவிட வைத்தேன். கையெழுத்து எங்கே வேண்டுமோ வைக்கிறேன். லோயர் வேண்டாம். ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். அன்றைக்கு வீட்டில் இருந்தவள் அவள் ஒருத்திதான், முக்கிய சாட்சி. சாட்சியை நாட்டை விட்டுப் போகவிட மாட்டீர்கள் அல்லவா? ஒவ்வொரு கோர்ட் தவணைக்கும் அவள் வந்து, என் எதிரே உட்கார்ந்து, நான் சொல்வதைக் கடைசிவரை கேட்க வேண்டும் அல்லவா? இந்த மாதிரி வழக்கெல்லாம் வருடக்கணக்கில் நடக்கும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.