விடிஞ்சதும் முதல் வேலை

— தலையை ஆட்டாதே. பின்னல் கோணுது.

— பின்னல் ஒண்ணும் கோணலை. உங்க மூஞ்சிதான் கோணியிருக்கு. எழுந்ததுலேருந்து உம்முனு... என்னாச்சு?

— ஒண்ணுமில்லை.

— துரைக்கு ரெண்டு பாஷையிலயும் பேசுற துபாஷிக்கு வாயில்லாம போச்சா? துரை திட்டினாரா?

— திட்டினாக்கூடத் தேவலையே. நேத்து நான் உனக்குப் பின்னிட்டிருந்தப்போ திடுதிப்புனு வந்து நின்னாரில்லே...

— ஆமா. தொப்பியைக் கழட்டிட்டு ஆன்னு பார்த்துட்டிருந்தார்.

— சர்க்கார் கச்சேரிக்குப் போற வழியில கேட்டார், ஆம்பளையா தலை பின்னிவிடுறதுன்னு. எனக்கு மானமே போச்சு. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்.

— என்னன்னு?

— இந்த ஊர் வழக்கம்னு. விடிஞ்சதும் புருஷன்மார் எல்லாருக்கும் அதுதான் முதல் வேலைன்னு.

— ஐயோ!

— சிரிக்காதே, முடி நழுவுது. அந்த மனுஷன் ஊர் ஊராப் போய், பார்த்ததையெல்லாம் புஸ்தகமா எழுதிச் சீமையில அச்சுப் போடுறவர். விடுவாரா? யார் கத்துக்கொடுப்பாங்கன்னு கேட்டார். மாமனார்னு சொன்னேன்.

— எங்கப்பாவா! அவருக்கே மண்டையில நாலு முடிதான்...

— அத்தனையும் எழுதிக்கிட்டார். அதோட போச்சா... நாளைக்கு இன்னொரு வீட்ல பார்க்கணுமாம்.

— யார் வீட்ல?

— மீசைக்காரர் வீட்ல.

— பெரிய குமாஸ்தா வீட்லயா!

— அவரேதான். அவர் இருமினாலே கச்சேரி நடுங்கும். அவர்கிட்டப் போய், 'ஐயா, உங்க சம்சாரத்துக்குப் பின்னிக் காட்டுங்க'ன்னு எந்த வாயால சொல்வேன்? பொய்னு தெரிஞ்சா துரை வேற துபாஷியைப் பார்த்துக்குவார். எத்தனை பேர் கால்ல விழுந்து கிடைச்ச வேலைடி... பயமா இருக்கு.

— கூட்டிட்டுப் போங்க.

— விளையாடாதே.

— நிஜமாத்தான் சொல்றேன். விடிஞ்சதுமே போங்க. அவங்க வீட்டம்மா கதவைத் திறந்து வைப்பாங்க. நான் சொல்லிக்கறேன்.

— திறந்து வச்சா?

— மீசைக்காரர் பின்னிட்டிருப்பார்.

— யாருக்கு?

— குதிரைக்கா பின்னுவார்? சம்சாரத்துக்குத்தான். அவர் போடுறது ரெட்டைச் சடை.

— சும்மா கதை விடாதே...

— எதிர்வீட்டுத் தையல்காரர், கோடி வீட்டு வைத்தியர், எல்லாரும்தான். கதவைச் சாத்திக்கிட்டு! தன்னைத் தவிர வேற யாரும் செய்யறதில்லைன்னு ஒவ்வொருத்தருக்கும் நினைப்பு. கிணத்தடியில நாங்க இதைச் சொல்லிச் சிரிக்காத நாளில்லை.

— அடப்பாவிகளா! அப்ப நான் துரைகிட்டச் சொன்னது...

— பொய்யே இல்லை. எங்கப்பா சங்கதி மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

— அப்பாடா... இப்பத்தான் மூச்சே வருது. ஆமா, உனக்குத் தோள் சுளுக்கி, கையைத் தூக்க முடியலைன்னு நான் பின்ன ஆரம்பிச்சேன். அவங்களுக்கெல்லாம் என்ன கேடு?

— அவங்க சம்சாரங்களுக்கும் தோள் சுளுக்குதான்.

— தெருவுக்கேவா?

— அப்படிச் சொல்லுங்கன்னு நான்தான்... யோசனை கொடுத்தேன்.

— யோசனையா? அப்ப உன் கை...

— எப்பவோ சரியாயிடுச்சு. கோவமா?

— எனக்கு மழைக்காலத்துலயே தெரியும். பரண்லேருந்து அந்தப் பெரிய பெட்டியை ஒத்தையா இறக்கினியே, நான் வாசப்படியில நின்னு பார்த்துட்டுதான் இருந்தேன். திரும்பி உட்காரு, இன்னும் பாதி கிடக்கு.