கோடு ஒட்டின மருந்து பாட்டில்

— அந்தப் பழைய மருந்துச் சீட்டு டிரங்குப் பெட்டியிலதானே கெடக்கு? எடு காத்தாயி.

— முப்பது வருசத்துச் சீட்டு. உங்களுக்கு இப்ப என்னங்க செய்யுது?

— எடு, சொல்றேன். நரம்புத் தளர்ச்சிக்கு அத மாதிரி மருந்து கெடையாது பாத்துக்க. ஆட்சி மாறுன மறு வருசம், கூலி நெல்லு கூடக் கேட்டு வேலய நிறுத்துனோமே, அப்ப சங்கத்து வேல, கேசு, கவலைன்னு தூக்கமே இல்ல எனக்கு. மனு எழுத உக்காந்தா கையில பேனா நிக்காது.

— ஆமா. பட்டுக்கோட்டை டாக்டரு எழுதுனாரு. நாம கொண்டுபோன பாட்டில்லயே கம்பவுண்டரு ஊத்தி, வேளைக்கு ஒரு கோடுன்னு அளவு தெரியக் காயிதத்தக் கத்தரிச்சு ஒட்டிக் குடுத்தாரு.

— காலையில ஒரு கோடு, சாயங்காலம் ஒரு கோடு. என்னா இனிப்பு! அந்தத் தெம்புலதான் மிராசுதாரு வாசல்ல நின்னு பேசி அரைப்படி கூட வாங்குனேன். ஏன் புள்ள, மூஞ்சி இப்படிப் போவுது?

— நீலா அப்பா, அந்தச் சீட்டு வேண்டாங்க.

— ஏன்?

— அந்த மருந்த நீங்க குடிக்கல. நாந்தான் குடிச்சேன்.

— ம்.

— இங்க வேல நின்னதால பகலெல்லாம் அசலூருல போயி நடவு நட்டேன். வூட்டுக்கு வந்தா உங்கள எப்பப் போலீசு புடிக்குமோன்னு பயம். ஒரு நாளு நாத்துமுடி கையில நிக்கல, அப்படி நடுங்குச்சு. ஒரு கோடு குடிச்சுப் பாத்தேன். அப்புறம் விட முடியல. உங்களுக்கு நன்னாரியும் கருப்பட்டியும் காச்சி, வேற பாட்டில்ல ஊத்தி, அதுலயும் கோடு ஒட்டி வச்சேன். புருசன் மருந்தத் திருடிக் குடிச்சவ நான். இன்னிக்கும் நெஞ்சு அறுக்குதுங்க.

— அழுவாத. மொத நாளு நான் குடிச்ச கோடு எட்டிக்காயாட்டம் கசந்துச்சு. மறுநாள்லேருந்து இனிச்சுது. கசந்தது எங்க போச்சுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்.

— தெரிஞ்சா ஏன் கேக்கல?

— கேட்டா நீ குடிக்கிறத நிறுத்திருப்ப.

— அப்ப இப்ப எதுக்குங்க சீட்டு?

— எனக்கு முட்டி போனதுலேருந்து ரெண்டு மா நெலத்தையும் நீ ஒருத்தியா பாக்குற. காலையிலேருந்து பாத்துக்கிட்டு இருக்கேன், உன் கையில காப்பித் தம்ளரு நிக்கல. சீட்ட எடு காத்தாயி.