விலாங்குச் சோறு வரும்வரை

விலாங்கு மீனை ஆறவிட்டுச் சாப்பிடக் கூடாது என்பது என் அபிப்பிராயம். விசாரணைக் குழுவினர் இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

நான் ஷோகி என்னும் ஜப்பானியச் சதுரங்கம் ஆடிப் பிழைப்பவன். பெயர் குரோதானி, எட்டாம் நிலை. பதினெட்டு வயதில் தொழிலுக்கு வந்தேன், இப்போது ஐம்பத்தொன்பது. பட்டம் எதுவும் வென்றதில்லை. வருடா வருடம் இறங்கி, தரவரிசையின் கடைசிப் பிரிவில் தொங்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் விசாரிக்கும் அந்த ஆட்டத்தில் தோற்றால் கட்டாய ஓய்வு. அந்தப் பயத்தில் வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் அன்று அவ்வளவு பசி.

எதிராளி மினோவாவுக்கு இருபத்தாறு வயது. தங்கமான பிள்ளை. காய்களை அடுக்கும்போதே பணிவாகச் சொன்னார்:

"ஐயா, வீட்டுக்காரி ஆஸ்பத்திரில இருக்கா. இன்னிக்குப் பொறந்துடும்கிறாங்க. ஆட்டம் முடிஞ்சதும் ஓடிடுவேன், கோவிச்சுக்காதீங்க."

"தாராளமா போங்க தம்பி. நான் என்ன புடிச்சா வெச்சுக்கப் போறேன்?"

மனதாரத்தான் சொன்னேன்.

ஆட்டத்தைக் குறித்துக்கொள்ளும் ததேபே அம்மாள்தான் மதியச் சாப்பாட்டுக்கும் சொல்லிவிடுவார். நான் முதல்தர விலாங்குச் சோறு கேட்டேன்.

"கொஞ்சம் பாத்து ஆடுங்க," என்றார் அவர். "போன தடவை மத்தியானத்துக்குள்ள தோத்துட்டீங்க. சொன்ன சாப்பாட்டை வேணாம்னதுக்குக் கடைக்காரர் என்னைத்தான் வறுத்தெடுத்தார்."

நாங்கள் ஆடும் கட்டடத்தின் வழக்கம் அது. இடைவேளைக்கு முன் ஆட்டம் முடிந்தால் சாப்பாடு கிடையாது.

பதினொரு மணிக்கே என் ராஜா இனித் தப்பாது என்று தெரிந்துவிட்டது. எங்கள் ஆட்டத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லை. தோற்றவனே தலைகுனிந்து, "தோத்துட்டேன்" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை ஆட்டம் முடியாது. மினோவா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ அந்த வாய் வேறு வேலைக்குத் தேவைப்பட்டது. பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

விலாங்கு அருமையாக இருந்தது. மினோவா தொடாத ஊறுகாயையும் நானே முடித்தேன்.

சாப்பிட்டதும் ஏன் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை என்று கேட்கிறீர்கள். சாப்பிட்ட கையோடு ஒப்புக்கொண்டால், சோற்றுக்காகத்தான் உட்கார்ந்திருந்தான் என்று ஊர் சிரிக்காதா? எனக்கும் மானம் இருக்கிறது. சாயங்காலம் வரையாவது போராடியதாகத் தெரிய வேண்டும். யோசிக்கும் நேரம் என் கணக்கில் எக்கச்சக்கமாக மிச்சமிருந்தது. மினோவா கடிகாரத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடி யோசித்தேன். குறட்டை கேட்டதாக ததேபே அம்மாள் சாட்சி சொல்லியிருக்கிறாராம். ஆழ்ந்து யோசித்தால் எனக்கு மூச்சு அப்படித்தான் வரும்.

நாலரை மணிக்கு, சாஸ்திரத்துக்கு ஒரு காயை நகர்த்தினேன். அடுத்து தலைகுனிந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். வெட்டிய காயைத் தன் காயாக மறுபடி பலகையில் இறக்கலாம் என்பது எங்கள் ஆட்ட விதி; நான் கையை எடுப்பதற்குள் மினோவா அப்படி ஒரு சிப்பாயைப் படாரென்று வைத்தார். அதே நெடுவரிசையில் ஏற்கெனவே அவருடைய சிப்பாய் ஒன்று நின்றிருந்தது. ஒரே நெடுவரிசையில் சொந்தச் சிப்பாய் இரண்டு நின்றால் அந்த இடத்திலேயே தோல்வி. அவசரக்காரர்கள் செய்யும் பிழை. ததேபே அம்மாள் பேனாவைக் கீழே போட்டார்.

"தோத்துட்டேன்," என்ற மினோவாவின் முகம் மலர்ந்தது. எழுந்துவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் இருவரும் அமர்ந்து அதை அலசுவது எங்கள் மரபு. போதும் என்று மூத்தவர்தான் சொல்ல வேண்டும்.

"உக்காருங்க தம்பி. தப்பு எங்கன்னு பாத்துடலாம்."

"தெரியும் ஐயா. ரெண்டு சிப்பாய்."

"அது கடைசித் தப்பு. மொதல்லேர்ந்து வருவோம்."

ஜெயித்தவனாக உட்கார்ந்து பேசுவது எத்தனை சுகம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இரண்டு மூன்று கதை சொன்னேன். சன்னலுக்கு வெளியே விளக்கெல்லாம் எரிந்த பிறகு ததேபே அம்மாள் வந்து, "பொண்ணு பொறந்திருக்காம்" என்றார். மினோவா கண்ணைத் துடைத்தார். பிழை உறைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். குழந்தைதான் நல்லபடியாகப் பிறந்துவிட்டதே, இனி என்ன அவசரம் என்று மீதி ஆட்டத்தையும் பார்த்து முடித்தோம்.

வேண்டுமென்றே செய்தேனா என்றால், ஆமாம். மதியம் வரை விலாங்குக்காக, சாயங்காலம் வரை மானத்துக்காக. அதன் பிறகு செய்ததெல்லாம் அந்தப் பிள்ளையின் நன்மைக்காக. எனக்கும் இன்னொரு வருடம் பிழைப்பு கிடைத்தது.

குழந்தைக்கு வைக்கச் சொல்லி நான்கு பெயர்கள் அனுப்பினேன். இதுவரை பதில் இல்லை. நிதானமாக யோசிக்கிறார் போலிருக்கிறது. அன்று என்னிடம் கற்றுக்கொண்டதுதான்.