ஒரே கூரைதானே

பலாங்கொடையிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் பஸ்ஸில் வானொலிச் செய்தி ஓடியது. அணுகுண்டு வைத்திருக்கும் நாடுகள், மற்ற நாடுகள் அதைச் செய்யவே கூடாது என்கின்றனவாம். எனக்கு முன் இருக்கையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர். மூத்தவர் சட்டென்று சொன்னார்:

"நம்ம லயத்து வீட்டு வரிசையில இருக்குற சரோஜா மாதிரியே இருக்கானுங்க."

"ஏன்க்கா?"

"அவ கடிநாய் வச்சிருக்கா. நான் ஒன்னு கொண்டாந்தா மட்டும் புள்ளைங்கள கடிச்சிருமாம். அந்த நாய் வந்த பொறகு பீலியில தண்ணி புடிக்கப் போனா எல்லாரும் அவளுக்கு வழி விடுறாங்க. கங்காணிகூட அவகிட்ட மெதுவாத்தான் பேசுறாரு. எனக்கு வயிறு எரியுது."

"அவளையும் நாய வெரட்டிவிடச் சொல்லுங்க."

"அவ விடமாட்டா. எனக்கும் ஒன்னு வேணும். நாய் வேணாம், இந்தக் குண்டே வேணும்."

"குண்டப் போட்டா அவ குடியிருக்குற காம்பரா மட்டுமா போகும்? லயம் முழுக்க ஒரே கூரைதானேக்கா. நீங்க இருக்குறது அடுத்த காம்பரா."

மூத்தவர் விடவில்லை.

"இருந்தாலும், மொதல்ல அவ பக்கந்தானே போகும்?"