வாளி கழுவிய பேராசிரியை

ஒக்டோபர் ஒன்பது, வியாழக்கிழமை, மாலை 5.12, தூறல். பிராங்பேர்ட் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு தமிழ்ப் பெண்கள். இளையவளின் மடியில் பூங்கொத்து.

"அக்கா, உலகப் பரிசு கிடைச்ச பேராசிரியையிட்ட நான் வாளி கழுவக் குடுத்தனான்."

"உனக்கென்ன விசரே?"

"ஆய்வுகூடத்தில கறுப்பு மனுசி ஒராள் நிண்டா. என்னைப் போல துப்புரவுக்கு வந்தவ எண்டு நினைச்சிட்டன்."

"எங்களை ஆரும் அப்பிடி நினைச்சா உனக்குக் கொதிக்கும். நீயுமோ?"

"அவ சிரிச்சுக்கொண்டு கழுவித் தந்தவ. இண்டைக்கு வாசல்ல ஆளுயரத்துக்கு அவவின்ர படம். அந்தப் பரிசு கறுப்புப் பெண் ஒராளுக்குக் கிடைச்சது இதுதான் முதல் தடவையாம். அந்தக் கைதான் அக்கா, என்ர வாளியையும் கழுவினது."

"பூ?"

"பாராட்டு விழாவுக்கு. தன்ர கையால எழுதிக் கூப்பிட்டிருக்கிறா. முதல் வரிசையாம். ஏலாது அக்கா, எந்த முகத்தோட போறது? வீட்டுக்குத் திரும்பிப் போறன்."

நான் இறங்க வேண்டிய நிலையம் வந்தது. நான் எழவில்லை.

அதற்கடுத்த நிலையத்தில் கதவு திறந்ததும் மூத்தவள் அவளைப் பிடித்து எழுப்பினாள்.

"வாளி குடுத்த முகத்தோடையே போ. அவவுக்குத் தெரிஞ்ச முகம் அதுதானே."

அவள் பூவை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினாள். நானும் இறங்கி, அவள் படியேறி மறையும்வரை பார்த்து நின்றேன்.

திரும்பி வரப் பயணச்சீட்டு: மூன்று யூரோ எண்பது சதம்.