கேரவன் நிறுத்த இடம்

வளைகுடாவில் வேலை முடிந்து, ஜெபல் அலியிலிருந்து தொழிலாளர் கேம்ப்புக்குத் திரும்பும் பஸ். எனக்கு முன்சீட்டில் நரைத்த மீசைக்காரர் ஒருவரும், ஊரிலிருந்து புதிதாக வந்தவர் ஒருவரும்.

"மன்னார்குடியில வீடு வாங்கப் போறேன். பக்கத்துல ஒரு கேரவன் நிறுத்த எடம் இருக்கணும்னு புரோக்கர்கிட்ட சொல்லிட்டேன்," என்றார் மீசைக்காரர்.

"சினிமாக்காரங்க வச்சிருப்பாங்களே, அந்த வண்டியாண்ணே?"

"இல்லப்பா. கேம்ப்புல நாம படுக்குறோமே, அந்தத் தகர ரூமு. இங்க அதத்தான் கேரவன்ங்கிறது."

"அப்பறம் வீடு எதுக்குண்ணே?"

"வீடு பொண்டாட்டி புள்ளைங்களுக்கு."

வெளியே மணல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தபடியே சொன்னார்.

"கேரவன்ல எங் கட்டில் எதுன்னு இருட்டுலயும் தெரியும். லீவுல ஊருக்குப் போனா, எங்க படுக்குறதுன்னு கேட்டுட்டுத்தான் படுக்குறேன்."