இருபத்து மூன்று பேர்

வீட்டுப் பெண்கள் புத்தகம் படிப்பது எனக்குப் பிடிக்காது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது பொய். பரளச்சியில் மருமகளுக்கு நாவல் வாங்கிக் கொடுத்த மாமனார் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது. உரம் வாங்கவோ பருத்தி விற்கவோ அருப்புக்கோட்டைக்குப் போனால், திரும்புகிற பஸ்ஸில் என் மடியில் தீபலட்சுமிக்கு ஒரு புத்தகம் இருக்கும்.

முதலில் நான் படிப்பேன். பிறகுதான் அது அவள் கைக்குப் போகும். அவள் முடித்ததும் வாங்கி, இரண்டு அட்டையையும் பிடித்துத் தலைகீழாக மூன்று தரம் உதறுவேன். எதுவும் விழுந்ததில்லை. ஒரே ஒரு தடவை காய்ந்த வேப்பம்பூ விழுந்தது. எதற்கு என்று கேட்டேன். பக்க அடையாளத்துக்கு என்றாள், மூலையை மடக்கினால் புத்தகம் வீணாகுமாம். வீணானால் ஆகட்டும், மூலையையே மடக்கு என்று சொன்னேன். எந்தப் பக்கத்தில் நிற்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும் அல்லவா. என் மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகன் அழகுராஜா மஸ்கட்டில் இருக்கிறான். ஊருக்கு வெளியே கிணற்றடி வீட்டில் நானும் அவளும் மட்டும். நான்கு தலைமுறையாக எங்கள் குடும்பத்துப் பெண்களைப் பற்றி யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.

போன ஆடியில் லீவுக்கு வந்த அழகுராஜா, புத்தகம் படிக்கிற அந்தக் கருவியை அவளுக்குக் கொடுத்தான். சிலேட்டைவிடச் சின்னது. இதற்குள் ஆயிரம் புத்தகம் அடங்கும், இனி நீங்கள் பஸ்ஸில் சுமந்து வர வேண்டாம் என்று என்னிடம் சொன்னான். அவன் விமானம் ஏறிய மறுநாள் அதை எடுத்து மூன்று தரம் உதறிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவள் என்ன படிக்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் போனது. அட்டை இல்லை. மடக்கிய மூலை இல்லை. மூடினால் ஏதோ ஒரு படம் வந்து நிற்கும். காகிதப் புத்தகத்துக்கு நேரம் பார்க்காதவள், இதை மட்டும் மாலை ஆறு மணி ஆனதும் எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாளும் தப்பாது. தனியாகச் சிரிப்பாள். ஒருநாள் கேட்டேன்.

"கதைதான் மாமா. நீங்களும் படிக்கிறீகளா? எழுத்தப் பெருசாக்கித் தாரேன்" என்றாள்.

மறைக்கிறவர்கள்தான் இவ்வளவு தாராளமாகப் பேசுவார்கள்.

மாசி மாதம் ஒரு மாலை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவள் அதை மூடாமல் கட்டிலில் வைத்துவிட்டாள். எடுத்துப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே மட்டும் புள்ளி புள்ளியாகக் கோடு. 'எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், இந்த வரியை நீ படிக்கும்போது நான் உன் பக்கத்தில்தான் இருக்கிறேன்.' விரல் பட்டதும் இங்கிலீஷில் சின்ன எழுத்து வந்தது. அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. நான். இருபத்து மூன்று பேர் கோடிட்டது என்று இருந்தது.

காகிதத்தில் ஒருவன் கோடு போட்டால், புத்தகம் யார் கையில் இருந்தது என்று விசாரித்து ஆளைப் பிடிக்கலாம். இது என் வீட்டை விட்டு வெளியே போகாத பொருள். அதில் இருபத்து மூன்று பேர் வந்து கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. பொறுத்திருந்தேன்.

பங்குனி எட்டாம் தேதி, பகல் இரண்டு மணி. சோளத்தட்டை எடுக்கப் படப்புக்குப் போனவள் காலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நல்லபாம்பு. அது வேலிக்குள் போவதை நானும் பார்த்தேன்.

"மாமா, ஆண்டிச்சாமி அண்ணன காரு எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

ஆண்டிச்சாமி ஊருக்குள் வாடகைக் கார் ஓட்டுகிறவன். திருச்சுழி ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரம் ஆகும். நான் போனைக் காதில் வைத்துப் பேசினேன். வருகிறான் என்றேன். எண் எதையும் அழுத்தவில்லை. தன் போனைக் கேட்டாள். சார்ஜில் கிடக்கிறது, அசையாமல் படு, அசைந்தால் விஷம் ஏறும் என்றேன். அசையக் கூடாது என்பது உண்மைதான். அவளுடைய போன் என் சட்டைப் பையில் இருந்தது.

கட்டிலில் படுக்கவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன், விசிறிவிட்டேன். பிறகு அந்தக் கருவியை எடுத்துவந்து அந்த வரியைக் காட்டினேன்.

"யாரும்மா இந்த இருவத்தி மூணு பேரு?"



"அவுக யாருன்னு எனக்கு எப்பிடி மாமா தெரியும்? உங்க மகன்கிட்டக் கேளுங்க. அவுக சொல்லுவாக."

யாரென்றே தெரியாத ஆட்கள் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். வெளிநாட்டில் வெயிலில் கிடந்து உழைக்கிறவன் காதில் இதை நான் போட வேண்டுமாம். கார் எங்கே வருகிறது என்று இரண்டு தரம் கேட்டாள். கண்மாய்க் கரையில் வருகிறது என்றேன். மூன்று மணிக்கு இமை தானாக இறங்கியது. நாக்கு குழறியது. ஏதோ சொல்ல வந்தாள், அதில் 'அழகு' என்பது மட்டும் விளங்கியது. நான்கரைக்கு எல்லாம் அடங்கியது. அதற்குப் பிறகு ஆண்டிச்சாமிக்கு உண்மையாகவே போன் செய்தேன்.

பதினாறாம் நாள் காரியத்தில் பந்தியில் உட்கார்ந்து அவன்தான் சொன்னான். "அன்னைக்கு ரெண்டு மணியில இருந்து நான் டீக்கடையிலதான கெடந்தேன். பெரியவரு கொஞ்சம் முன்னால கூப்பிட்டிருந்தா அந்தப் பிள்ளைய உசுரோட சேத்திருக்கலாம்." பரிமாறிக்கொண்டிருந்த அழகுராஜா வாளியைக் கீழே வைத்தான். அவன்தான் ஸ்டேஷனுக்குப் போய் உங்களைக் கூட்டிவந்தான்.

கடித்தது பாம்பு, ஐயா. நான் காரைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டதாகச் சொன்னேன். அவள் சாக வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அழகுராஜா உங்களிடம் சொன்னதையும் கேட்டேன். மஸ்கட்டில் நாலரைக்கு வேலை விட்டால் இங்கே ஆறு மணியாம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தைத் திறந்து படிப்பார்களாம். அந்த வரிக்கு அவளுக்காகக் கோடு போட்டது தான்தானாம். அதே கதையை வாங்கிய ஊர் உலகத்து ஆட்கள் எல்லாருடைய கோட்டையும் சேர்த்துத்தான் கருவி எண்ணிக் காட்டுமாம். சொல்லும்போதே அழுதான்.

செத்துப்போன பெண்டாட்டியின் மேல் பழி விழக் கூடாது என்று அவன் சொல்கிற பொய் அது. என் மகன் அப்படித்தான் சொல்வான். அதில் எனக்குப் பெருமைதான். சரி, ஒருவன் அவன் என்றே வைத்துக்கொள்வோம். மீதி இருபத்திரண்டு பேரைப் பற்றி நீங்கள் இன்னும் ஒன்றுமே விசாரிக்கவில்லை.